எதை மூடப்போகிறார்களோ, அன்றைக்கு லீவு போடுங்கள்

வீடு கட்டுகிறவர் தினமும் சைட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லாத ஆளே இல்லை. எதிர் வீட்டுப் பெரியம்மா சொன்னார், ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள், சிமெண்ட் கடைக்காரரும் சொன்னார். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, வெயிலில் நிற்க வைக்க முடியாது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் மாசி, பங்குனியில் நினைத்தபோதெல்லாம் லீவு கேட்கவும் முடியாது. இருக்கிற சொற்ப லீவை எந்தெந்த நாளில் போடுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அதற்கு எங்கள் இன்ஜினியர் தம்பி முதல் சந்திப்பிலேயே வழி சொன்னார். “டீச்சர், சுவர் எழும்புற அன்னைக்கு நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க? சுவர் கோணலா இருந்தா சாயந்தரம் வந்து பாத்தாலும் தெரியும், இடிச்சுக் கட்டச் சொல்லலாம். எதையாவது மூடப்போறாங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கு மட்டும் தவறாம வந்திருங்க.”

வானத்தில், அதாவது அடித்தளத்துக்குத் தோண்டிய குழியில், மண் விழும் நாள், கம்பிமேல் காங்கிரீட் விழும் நாள், குழாய்மேல் பூச்சு ஏறும் நாள், பாத்ரூம் தரையில் டைல்ஸ் உட்காரும் நாள். மூடிய பிறகு உள்ளே இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்க வேண்டிவந்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். வேலை ஒப்பந்தம் எழுதும்போதே மேஸ்திரியிடம் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன்: எதை மூடுவதற்கும் இரண்டு நாள் முன்னால் எனக்குப் போன் வர வேண்டும், நானோ இன்ஜினியரோ பார்க்காமல் மூடக்கூடாது. மேஸ்திரி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீடு கட்டப்போகிற தோழிகள் கேட்டால் முதலில் இந்த ஒரு வரியைத்தான் சொல்கிறேன்.

எங்கள் மனை கோவில்பட்டியில், 5 சென்ட். அதாவது 2178 சதுர அடி. அனுமதி வாங்குவது பெரிய தலைவலியாக இருக்கும் என்று பயந்திருந்தேன், அப்படி இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி அனுமதியை எடுத்துக்கொள்ளலாம். பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாஸ்து பார்ப்பதையும் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே முடித்துவிட்டோம். மாமனார் சொன்ன திசைகளையெல்லாம் இன்ஜினியர் தம்பி பென்சிலால் வரைந்து காட்டி, அவர் சம்மதம் சொன்ன பிறகே மனையில் கயிறு கட்டினோம். பெரியவர்களுக்குச் சொல்வதற்கு இருந்தால் அந்தக் கட்டத்திலேயே சொல்ல விட வேண்டும். சுவர் நின்ற பிறகு கக்கூஸை இடம் மாற்றுவது எல்லோருக்கும் வேதனை.

எங்களுக்குச் சவாலாக இருந்தது மண்.

கரிசலில் பிறந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். சித்திரையில் கைவிரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் பிளவெல்லாம் மூடி, மண் பொங்கி மேலே வரும். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண். ஈரத்தை அவ்வளவு பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குணமேதான் வீட்டுக்கு ஆபத்து. மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது இதில் அதிகம். அது தகடு தகடாக அடுக்கிய அமைப்பு, தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விலக்குகிறது. காய்ந்தால் திரும்பச் சுருங்குகிறது. வருடா வருடம் இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டே இருக்கும். வீட்டின் எல்லா மூலையும் ஒரே அளவு ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. பாத்ரூம் தண்ணீர் கசிகிற மூலை ஒரு மாதிரி, வேப்பமரம் நிற்கிற மூலை வேறு மாதிரி ஏறி இறங்கும். சுவர் குறுக்காக வெடிப்பது அதனால்தான். எங்கள் அப்பா வீட்டில் சித்திரையில் லேசாகத் திறக்கும் கதவு கார்த்திகையில் தோள்கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறுகிற விரிசலை அப்பா ஒவ்வொரு தைக்கும் சுண்ணாம்பு வைத்து அடைப்பார், அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும்.

அதனால் மனையின் மண்ணை முதலில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பள்ளி ஆய்வகத்தில் அறிவியல் டீச்சரும் நானும் ஒரு சோதனை செய்தோம். செலவே கிடையாது. காயவைத்துச் சலித்த மண் 10 கிராம் எடுத்து ஓர் அளவு ஜாடியில் தண்ணீரோடும், இன்னொரு 10 கிராம் எடுத்து வேறு ஜாடியில் மண்ணெண்ணெயோடும் சேர்த்துக் கலக்கி ஒருநாள் முழுக்க அப்படியே வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் இந்த மண் பொங்காது, தண்ணீரில் பொங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதமாகக் கணக்கிட்டால் மண் எவ்வளவு உப்பும் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகங்களில் செய்வதும் இதே சோதனைதான். மறுநாள் காலையில் தண்ணீர் ஜாடியில் இருந்த மண், மண்ணெண்ணெய் ஜாடியில் இருந்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீடும் அதே மண்ணின்மேல்தான் நிற்கிறது.

இந்த மாதிரி மண்ணுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, துளைபோட்டுக் கீழே குமிழ்போல அகலப்படுத்தி நிறுத்துகிற காங்கிரீட் தூண்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. குமிழ், தூணின் தடிமனைப்போல் இரண்டரை மடங்கு அகலம் இருக்கும், மண் மேலே தூக்கினாலும் அது பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, தூண் வரும் இடங்களில் கரிசல் முடியும் ஆழம் வரை தோண்டிக் கீழே உள்ள கெட்டித் தரையில் அடித்தளத்தை உட்கார வைப்பது. மனையின் இரண்டு மூலையில் ஜேசிபி வைத்துக் குழி எடுத்துப் பார்த்தோம். ஆறடிக்குக் கீழே சுக்கான் என்கிற கெட்டி மண் தட்டியது. வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு முடிச்சுகள், கடப்பாறை நங்கென்று எகிறியது. “நமக்கு ரெண்டாவது வழியே போதும், சுக்கான்ல உக்காந்துக்கிடலாம்” என்றார் இன்ஜினியர் தம்பி. எட்டடி, பத்தடி தோண்டியும் கரிசலாகவே போனால் முதல் வழியைத்தான் யோசிக்க வேண்டும். பக்கத்து மனைக்காரர் எத்தனை அடியில் நிறுத்தினார் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எங்கள் மனையிலேயே இரண்டு குழிக்கும் ஒரு முழம் வித்தியாசம் இருந்தது.

மாசியில் வானம் தோண்டினோம். கரிசலில் தோண்டுகிற வேலையைக் கோடைக்குள் முடித்துவிட வேண்டும். மழை விழுந்தால் லாரி மனைக்குள் வராது, குழிச்சுவர் சரியும், ஆள் நடந்தாலே காலில் ஒரு கூடை மண் ஒட்டும். அடியில் சாதா காங்கிரீட் போட்டு, அதன்மேல் கம்பிக்கூடை வைத்து, கூடைக்கு அடியிலும் பக்கத்திலும் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் செருகி அடித்தளத் தூண்கள் எழும்பின. கவர் பிளாக் சின்னச் சிமெண்ட் கட்டிதான், ஆனால் அது இல்லாவிட்டால் கம்பி மண்ணைத் தொடும், ஈரம் ஏறும், துரு பிடிக்கும்.

அடுத்து வந்தது மூடும் நாள். போன் வந்தது, லீவு போட்டுவிட்டுப் போனேன். தோண்டி எடுத்த கரிசல் மலைபோல் ஓரத்தில் கிடந்தது. மேஸ்திரி ஆட்களை வைத்து அதையே திரும்ப உள்ளே தள்ள ஆயத்தமாக நின்றார்.

“தாயி, மண்ணு சும்மா கெடக்கு. அதையே போட்டு மூடிட்டா வண்டி வாடகை மிச்சம்லா?”

“அண்ணாச்சி, இந்த மண்ணுக்குப் பயந்துதான ஆறடி தோண்டினோம். அதையே உள்ள போட்டா தரை தூக்கிராதா?”

“நாங்க கட்டுன வீடெல்லாம் அப்படித்தான் நிக்கி.”

அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வீடு நிற்கும், தூண் நிற்கும். ஆனால் தரைக்கு அடியில் நிரப்பிய கரிசல் மழைக்கு மழை உப்பும்போது டைல்ஸ் நடுவில் கூம்பி எழும்பும், உள்சுவர் தரையிலிருந்து பிரியும். எங்கள் தெருவிலேயே புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் இரண்டு மழைக்குள் ஹால் தரை அப்படி எழும்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கரிசலில் ஒரு கூடைகூட உள்ளே போகக்கூடாது என்று உறுதியாக நின்றேன். சரள் மண் லோடு அடித்தோம். ஓர் அடிக்குக் குறைவான கனத்தில் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் கீழே பஞ்சுபோல் இருந்து பின்னால் தரை இறங்கும். எடுத்த கரிசலை ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போனார். அவருக்கு அது பொன்.

தூண்களை அடியில் இணைத்துச் சுவரைத் தாங்குகிற பிளிந்த் பீமுக்கு வந்தபோது மூத்த கொத்தனார் ஒரு கேள்வி கேட்டார். “பீமுக்கு அடியில எதுக்கு தாயி காத்து?” இன்ஜினியர் தம்பி பீமுக்குக் கீழே நாலு அங்குலம் காலியாக விடச் சொல்லியிருந்தார். தூண்களுக்கு நடுவில் தோண்டாமல் விட்ட கரிசலின்மேல் பீம் நேரடியாகப் படுத்திருந்தால், மழையில் மண் அதைக் கீழிருந்து முட்டும். இடைவெளி இருந்தால் மண் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொள்ளும். விளக்கியதும் கொத்தனார் அண்ணாச்சி தலையாட்டிவிட்டு, இடைவெளிக்குள் சரள் சரிந்து விழாமல் வெளிப்பக்கமும் உள்பக்கமும் பட்டியக்கல் சாய்த்து வைக்க வேண்டும் என்று தானே யோசனை சொன்னார். காரணத்தைச் சொல்லிவிட்டால் வேலை தெரிந்தவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அன்றிலிருந்து வரைபடத்தை அவரிடம் நீட்டுவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. நாக்கில் வைத்தாலே தெரியும். ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் போர் அதைத் தாண்டியிருந்தது. கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதில் குளோரைடை மிஞ்சி எதுவும் இல்லை. போர் தண்ணீரைச் சரள் நனைத்து இடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, காங்கிரீட், கட்டு, பூச்சு, செங்கல் ஊறப்போடுவது எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர் வாங்கினோம். பட்ஜெட் போடும்போது தண்ணீருக்கு என்று ஒரு தொகையை யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வந்து குடிக்கிற ஊர் இது, குழாயில் வருவது குடிக்கவே காணாது.

சாமான் இறக்கும்போது கணக்கு டீச்சர் என்பது எனக்கு நன்றாகவே கைகொடுத்தது. எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், யூனிட் கணக்கில் வரும். 1 யூனிட் என்றால் 100 கன அடி. 3 யூனிட் என்று பில் போட்ட ஒரு லோடை, கொட்டுவதற்கு முன்னால் மேட்டைச் சமன் செய்யச் சொல்லி டேப் பிடித்தேன். லாரித் தொட்டியின் உள் அளவு நீளம் 14 அடி, அகலம் 7 அடி, உயரம் 2.5 அடி. பெருக்கினால் 245 கன அடி, அதாவது 2.45 யூனிட். டிரைவர் தம்பி முதலில் முறைத்தான். நான் சத்தம் போடவில்லை, நோட்டில் கணக்கை எழுதி அவனிடமே காட்டினேன். அடுத்த லோடிலிருந்து அளவுக்குத்தான் பில் வந்தது. எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூளும் வரும். பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் தூள் தனிப் படலமாக மேலே நிற்கும். படலம் தடியாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கம்பிக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, எனக்கு அதைக் கண்டதும் அவ்வளவு சந்தோஷம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889. முழுக்கம்பி 12 மீட்டர், ஆக 10.67 கிலோ. 8 எம்.எம். முழுக்கம்பி 4.74 கிலோ. எண்ணிக்கையையும் எடைச்சீட்டையும் ஒப்பிட்டால் போதும், கம்பி சன்னமா இல்லையா என்று தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு வர்க்கம் நடத்தும்போது இப்போது இந்தக் கணக்கைத்தான் கொடுக்கிறேன்.

இடையில் ஒன்று. வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். காலை எட்டு மணிக்கு வந்தால் சாயந்தரம் வரை செங்கலும் கலவையும் சுமக்கிறார்கள். பெரும்பாலான சைட்டுகளில் அவர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பகலில் தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்கிறார்கள் என்பதை ஒரு சித்தாள் அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கு மனசு தாங்கவில்லை. அந்த வாரமே மனையின் பின்மூலையில் உறை இறக்கி, தகரம் அடித்து, ஒரு கக்கூஸ் கட்டினோம். வீடு கட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் பூமி பூஜை போட்ட கையோடு இதைச் செய்துவிடுங்கள். வீட்டின் மொத்தச் செலவில் இது ஒரு தூசி. கடைசிவரை அந்த அக்காமார்கள்தான் எனக்குச் சைட்டில் கண்ணாக இருந்தார்கள். “டீச்சர், இன்னைக்கு கலவையில சிமெண்ட் கொறைச்சல்” என்று ஒரு மத்தியானம் போன் செய்ததும் அவர்களில் ஒருவர்தான்.

மேல்தளம் போட்ட நாளுக்கு வருகிறேன். இதற்கு ஒருநாள் லீவு பத்தாது, முதல்நாள் சாயந்தரமே போக வேண்டும். ஏனென்றால் மறுநாள் காலையில் மிக்சர் ஓடத் தொடங்கிய பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள். காங்கிரீட் செட் வெளியூரிலிருந்து வரும். மிக்சர், லிஃப்ட், ஆட்கள் எல்லாம் அவர்களுடையது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்கள். அதை அவர்கள் குற்றமாக நான் பார்க்கவில்லை, அவர்களுக்குக் கூலி அப்படி.

முதல்நாள் சாயந்தரம் டேப்போடு மேலே ஏறினேன். வரைபடத்தில் உள்ள இடைவெளி கம்பியில் இருக்கிறதா, தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் எல்லா இடத்திலும் இருக்கிறதா, ஃபேன் பெட்டிகள் அறையின் நடுவில் இருக்கின்றனவா, பைப் வளைவுகள் நசுங்காமல் இருக்கின்றனவா. இன்ஜினியர் தம்பி என்னைச் சன்ஷேட் பக்கம் கூட்டிக்கொண்டு போய், இதைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். அறைக்கு மேலுள்ள தளத்தின் நடுப்பகுதியில் இழுவிசை கீழ்ப்பக்கம் இருக்கும், முக்கியக் கம்பியும் அங்கேயே இருக்கும். சன்ஷேட், பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளவற்றில் இது தலைகீழ். இழுவிசை மேல்பக்கம். ஓர் அழிரப்பரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே அழுத்திப் பாருங்கள், மேல்பக்கம் விரிவதும் கீழ்ப்பக்கம் நசுங்குவதும் தெரியும். எனவே கம்பி மேலே இருந்தாக வேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். மறுநாள் சட்டி தூக்கிக்கொண்டு நடக்கிற ஆட்கள் மிதித்து மிதித்து அதைக் கீழே அமுக்கிவிடுவார்கள். முட்டு எடுத்த அன்றோ, சில வருடம் கழித்தோ சன்ஷேட் சரிந்து விழுகிற செய்திகளுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த மிதிதான். மேல்கம்பியைத் தாங்க நாற்காலிபோல் வளைத்த சேர் ராடுகளை நெருக்கமாக வைக்கச் சொன்னோம். நடப்பதற்குத் தனியாகப் பலகை போட்டோம். காங்கிரீட் சன்ஷேட் பக்கம் வரும்போது ஒரு கம்பி ஆள் கொக்கியோடு கூடவே நின்று, அமுங்கிய கம்பியைத் தூக்கிவிட வேண்டும் என்று சொல்லி அவருக்குத் தனிக் கூலி பேசினேன்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே மிக்சர் ஓடியது. நான் கீழே மிக்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கே பார்க்க வேண்டியது தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்கு, மணலில் ஈரம் இருந்தால் அதிலும் குறையும். கலவை இளகலாக இருந்தால் தள்ளுவது சுலபம், அதனால் ஆட்கள் கூட ஒரு பக்கெட் ஊற்றுவார்கள். அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளையாக நின்று, வலுவையும் குறைக்கும், பின்னால் ஒழுக்குக்கும் வழி வைக்கும். பக்கெட்டில் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒருமுறை கோட்டைத் தாண்டி ஊற்றியபோது அந்தக் கலவையை மேலே ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செட் தலைவருக்குக் கோபம். “வீட்டுக்காரர் இல்லையா?” என்று கேட்டார். “நான்தான் வீட்டுக்காரர்” என்றேன். அந்தக் கலவையைக் கீழேயே கொட்டி, பின்வாசலில் துணி துவைக்கிற இடத்துக்குத் தளமாகப் பரப்பிக்கொண்டோம். நடுவில் கலவை எடுத்து 15 சென்டிமீட்டர் அச்சுகளில் கட்டிகள் பிடித்து வைத்தோம். 28 நாள் கழித்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்ததில் எதிர்பார்த்ததற்குக் கூடவே வந்தது. மத்தியானம் எல்லோருக்கும் கறிச்சோறு போட்டோம். தளம் போடுகிற நாளில் ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செட் தலைவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கோபம் போயிருந்தது.

சாயந்தரமே பாத்தி கட்டி மறுநாளிலிருந்து தண்ணீர் நிறுத்தினோம். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். 456. பங்குனி வெயிலில் நாங்கள் மூன்று வாரத்துக்குத் தண்ணீர் காயவிடவில்லை. மாமனார் காலையும் மாலையும் மாடிப்படி ஏறிப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்வார். இந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. தளத்தைத் தாங்கிய முட்டுகளைப் பிரிப்பதில் மேஸ்திரிக்கு அவசரம், சென்ட்ரிங் தகடு வாடகை நாள் கணக்கில் ஏறுகிறதே. தாங்கலுக்குத் தாங்கல் நாலரை மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள், ஆறு மீட்டருக்குள் உள்ள பீமுக்கு 14 நாள் என்பவை குறைந்தபட்சக் கணக்கு. பி.பி.சி. மெதுவாக இறுகும் என்பதால் இன்ஜினியர் இன்னும் தள்ளிப்போட்டார். கூடுதல் நாளுக்கான வாடகையை நானே கொடுத்தேன்.

சுவருக்குள் போகிறவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூலையிலிருந்து எத்தனை அடியில் பைப் போகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் லீவில் வந்தபோது கீசருக்கு ஓட்டை போட அந்தப் படங்கள்தான் உதவின. தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்களில் அழுத்தம் ஏற்றி ஒருநாள் வைத்து, அழுத்தமானியின் முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகு டைல்ஸ். பாத்ரூம் தரையில் நீர்க்காப்பு பூசியதும் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள், கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கரிசலில் இது இரட்டிப்பு முக்கியம். கீழ்த்தளப் பாத்ரூமில் கசிகிற ஒரு குழாய் அந்த ஒரு மூலை மண்ணை மட்டும் வருடம் முழுக்க உப்ப வைத்துவிடும்.

வங்கிக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும். பேஸ்மட்டம் முடிந்ததும் அதற்கான பணம், தளம் முடிந்ததும் அதற்கான பணம். ஆனால் தளம் போடுவதற்கு முன்னாலேயே கம்பியும் சிமெண்டும் வாங்க வேண்டும். ஒரு கட்டத்துக்கான பணம் கையில் தனியாக இல்லாமல் தொடங்காதீர்கள். நாங்கள் என் நகைகளில் கொஞ்சத்தை இதற்காகவே அடகு வைத்திருந்தோம், கடைசித் தவணை வந்ததும் மீட்டுக்கொண்டோம்.

குடிவந்து ஒரு மழை பார்த்தாகிவிட்டது. வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டிருப்பதால் சுவரோரம் தண்ணீர் தேங்கவில்லை. கூரைத் தண்ணீர் குழாய் வழியே தள்ளி உள்ள சேகரிப்புக் குழிக்குப் போகிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம் என்பதால் எல்லோரும் குழி வைக்கிறார்கள், ஆனால் கரிசலில் அதை அடித்தளத்தை ஒட்டி வைத்துவிடாதீர்கள். எதிர் வீட்டுப் பெரியம்மா வாசலில் வேம்பு வைக்கச் சொல்லிக் கன்றே கொடுத்துவிட்டார். வேர் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்கம் மட்டும் மண் சுருங்கும், மரம் வளரும் உயரத்துக்காவது வீட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஐந்து சென்டில் அதற்கு இடமில்லை. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, கன்றைப் பள்ளி மைதான ஓரத்தில் நட்டிருக்கிறோம். வாசலில் பவளமல்லி வைத்தேன்.

மிச்சம் இருப்பது காம்பவுண்ட் சுவர். எங்கள் ஊரில் முதலில் விரிந்து சாய்வது அதுதான், இரண்டடி தோண்டிக் கரிசல்மேலேயே கட்டிவிடுவார்கள். எட்டடிக்கு ஒரு தூண் சுக்கான் வரை இறக்கி, இடையில் மண்ணைத் தொடாத பீம் போட்டு, அதன்மேல் சுவர், பதினாறு அடிக்கு ஓர் இடைவெளி என்று வரைந்திருக்கிறோம். ஆடி முடிந்து ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் முடிந்துவிடும். கொத்தனார் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். தூண் குழியை மூடுகிற அன்றைக்கு எனக்குப் போன் வரும்.